குஞ்சுக்கும் ஒரு பிறப்புச் சீட்டு வேண்டும்

கறிக்கோழியின் விலை நாள்தோறும் மாறுகிறது. பல்லடத்தை மையமாகக் கொண்ட கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலையை ஒட்டி, திண்டுக்கல் நகர இறைச்சிக் கடைகளில் காலையில் விலைப் பலகை மாற்றி எழுதப்படுகிறது. விலை ஏறினால் வாங்க வந்தவர் கடைக்காரரிடம் சலித்துக்கொள்கிறார். விலை விழுந்தால் கோழி நிறுவனங்கள் நட்டக் கணக்குச் சொல்கின்றன. ஆனால், இன்று சந்தையில் எத்தனை கோழிகள் இருக்கும், அவை எவ்வளவு நலத்துடன் வளர்ந்திருக்கும் என்பதன் பெரும்பகுதி ஏறத்தாழ ஒன்பது வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அது முடிவான இடம் குஞ்சு பொரிப்பகம்.

கறிக்கோழித் தொழிலைப் பற்றிய நம் பேச்சில் தீவன விலை வருகிறது, வளர்ப்புக் கூலி வருகிறது, பறவைக் காய்ச்சல் வருகிறது. குஞ்சு பொரிப்பகம் மட்டும் வருவதில்லை. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, பழனி வட்டாரப் பண்ணைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சென்றுவருபவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. பொரிப்பகத்துக்குள் இருவகைச் செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, எத்தனை முட்டைகள் அடைகாக்க வைக்கப்பட்டன என்ற எண்ணிக்கை. மற்றொன்று, பிறந்த குஞ்சு எத்தகையது என்ற தரம். எண்ணிக்கை சந்தை விலையைத் தீர்மானிக்கிறது; தரம் வளர்ப்பவரின் கூலியைத் தீர்மானிக்கிறது. இரண்டுமே பொதுமக்களுக்கோ பண்ணையாளருக்கோ சொல்லப்படுவதில்லை.

இருபத்தொரு நாள்

பெட்டைக்கோழி அடையிருந்து 21 நாளில் குஞ்சு பொரிப்பது கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். பொரிப்பகத்திலும் அதே 21 நாள்தான். கோழியின் உடற்சூட்டையும், அது அலகால் முட்டையைப் புரட்டிவிடுவதையும் இயந்திரம் செய்கிறது. இதுவும் மனிதனுக்குப் புதிதன்று. பண்டைய எகிப்தில் களிமண் சூளைகள் கட்டி, சாணத்தையும் வைக்கோலையும் எரித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே நேரத்தில் பொரித்திருக்கிறார்கள்.

இன்றைய பொரிப்பகத்தில் முதல் 18 நாள் முட்டைகள் அடைகாப்பு இயந்திரத்தில் இருக்கின்றன. வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸையொட்டி நிறுத்தப்படுகிறது. மணிக்கு ஒருமுறை தட்டுகள் ஒருபுறம் 45 பாகையும், அடுத்த முறை மறுபுறம் 45 பாகையுமாகச் சாய்கின்றன. இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இந்த 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை நீராவியாக இழக்க வேண்டும். குறைவாக இழந்தால் முட்டைக்குள் காற்றறை சிறுத்து, குஞ்சு முதல் மூச்சுக்கு இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே இறக்கும். அதிகமாக இழந்தால் வறண்டு, எடை குறைந்து பிறக்கும். 18-ஆம் நாள் முட்டைகளை ஒளியில் காட்டிக் கரு இல்லாதவற்றை நீக்கி, எஞ்சியவற்றைப் பொரிப்பு இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். மேலாண்மை நன்றாக இருந்தால் நூறு முட்டைக்கு 80 முதல் 85 குஞ்சுகள் வரை கிடைக்கும்.

இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. அடைகாப்பின் முதல் பாதியில் கருவுக்கு வெப்பம் கொடுக்க வேண்டும். பின்பாதியில் வளர்ந்துவிட்ட கருவே வெப்பத்தை உண்டாக்குகிறது. அப்போது இயந்திரத்தின் வேலை அந்த வெப்பத்தை வெளியேற்றிக் குளிர்விப்பது. பழைய வகை இயந்திரங்களில் வெவ்வேறு நாள்களில் வைத்த முட்டைகள் ஒன்றாக இருக்கும். மூத்த முட்டைகளின் வெப்பம் இளைய முட்டைகளுக்கு உதவுவதால் மின்செலவு குறையும். ஆனால், எந்த வயது முட்டைக்கும் அதற்கே உரிய சூழல் கிடைக்காது; இயந்திரம் எப்போதும் நிறைந்திருப்பதால் முழுமையாகக் கழுவிக் கிருமி நீக்கவும் முடியாது. எனவே, ஒரே நாளில் வைத்த முட்டைகளை மட்டும் ஏற்றி, ஒரே நாளில் இறக்கும் இயந்திரங்களுக்குப் பெரிய பொரிப்பகங்கள் மாறிவருகின்றன. வேகமாக வளரும் இன்றைய இனங்களின் கரு, பழைய இனங்களின் கருவைவிடக் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குவது இம்மாற்றத்துக்கு முதன்மையான காரணம். தடுப்பூசியும் பொரிப்பகத்துக்கே வந்துவிட்டது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்தைப் பொரித்த நாளிலேயே தெளிப்பாகவோ ஊசியாகவோ கொடுக்கிறார்கள். உலகின் பெரிய பொரிப்பகங்களில் 18-ஆம் நாளிலேயே இயந்திரம் முட்டைக்குள் ஊசி செலுத்திச் சில நோய்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துவிடுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடலாம். சேவல் குஞ்சுகளைப் பிறந்தவுடன் அழிப்பது முட்டைக்கோழித் தொழிலின் சிக்கல். கறிக்கோழியில் ஆண், பெண் இரண்டுமே இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன.

தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி

பொரிப்பகத்துக்கு முட்டை எங்கிருந்து வருகிறது? தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து. அந்தத் தாய்க்கோழிகள் பாட்டிக் கோழிகளின் முட்டையிலிருந்தும், அவை கொள்ளுப்பாட்டிக் கோழிகளின் முட்டையிலிருந்தும் வருகின்றன. உச்சியில் மிகச் சில தூய மரபு வரிசைகள். அடியில் கோடிக்கணக்கான கறிக்கோழிகள். ஒரு தாய்க்கோழி ஏறத்தாழ 25 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 60 வாரத்துக்குச் சற்று மேல்வரை இட்டு, வாழ்நாளில் 140 குஞ்சுகளுக்குக் குறையாமல் தருகிறது. மேலே போகப்போக இந்தப் பெருக்கம் பன்மடங்காகிறது. எனவே, உச்சியில் உள்ள வரிசை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் தொழில் இருக்கிறது. உலகக் கறிக்கோழி இனங்களின் பெரும்பகுதி இன்று இரண்டு நிறுவனங்களிடம் உள்ளது. ஒன்று, ஜெர்மனியின் ஈ.டபிள்யூ. குழுமத்துக்குச் சொந்தமான ஏவியஜென். மற்றொன்று, அமெரிக்காவின் டைசன் நிறுவனத்துக்குச் சொந்தமான காப்-வான்ட்ரஸ்.

இந்த இனங்கள் உருவான கதை நீண்டது. 1940-களில் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரில் போட்டி நடத்தினார்கள். மார்பு அகன்று, விரைவில் எடைகூடும் கோழியை உருவாக்குபவருக்குப் பரிசு. 1948-இல் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் வென்றவர் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ். அவர் பெயர்தான் இன்றும் அந்நிறுவனப் பெயரில் ஒட்டியிருக்கிறது. அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதன் விளைவைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. 1957-ஆம் ஆண்டு இனத்தையும், 1978-ஆம் ஆண்டு இனத்தையும், 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து ஒரே காலத்தில் வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் முதல் இனம் ஏறத்தாழ 900 கிராம், இரண்டாவது 1,800 கிராம், மூன்றாவது 4,200 கிராம் எடை இருந்தது.

கறிக்கோழிக்கு 'ஹார்மோன் ஊசி' போடுகிறார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கொட்டகையில் உள்ள ஐயாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது நடைமுறையிலும் ஆகாது, கணக்கிலும் கட்டாது. ஆல்பர்ட்டா ஆய்வில் அத்தகைய மருந்து எதுவும் இல்லாமலே நான்கரை மடங்கு வேறுபாடு கிடைத்தது; அது மரபுத் தேர்வின் விளைவு. அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. கால் வலுவின்மை, இதயக் கோளாறு, வெப்பம் தாங்காமை ஆகியவை அதே தேர்வின் மறுபக்கம். அதனால்தான் இந்தக் குஞ்சுக்குப் பிறப்பிலோ முதல் வாரத்திலோ நேரும் சிறு பிழையும் நாட்டுக்கோழிக் குஞ்சு தாங்குவதுபோல் தாங்கப்படுவதில்லை.

இந்தியாவில் இத்தொழிலுக்கு நிறுவன வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் பி.வி.ராவ். அவர் 1971-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ், பெயரிலேயே பொரிப்பகத்தைத் தாங்கியது. காப் இனத்தின் இந்திய வடிவமான 'வென்காப்' அக்குழுமத்தின் வழியாகவே நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் முட்டைக்கோழிக்கு நாமக்கல் என்றால், கறிக்கோழிக்குக் கோவை, பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரம். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தக் கோழியினம் 85.18 கோடி. அதில் 12.08 கோடியுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இந்த இடத்துக்கு முட்டைக்கோழியும் கறிக்கோழியும் சேர்ந்தே காரணம்.

ஆடியில் அடைத்தால் புரட்டாசியில் கோழி

மூன்று வாரம் பொரிப்பகத்தில், ஐந்து முதல் ஆறு வாரம் கொட்டகையில். இந்த எட்டு, ஒன்பது வார இடைவெளிதான் விலை ஏற்றத் தாழ்வின் வேர். நம் நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். புரட்டாசியில் பலர் இறைச்சி உண்பதில்லை, தேவை குறைகிறது. அந்த மாதத்தில் சந்தைக்கு வரும் கோழி, ஆடி மாதத்தில் அடைகாக்க வைத்த முட்டை. தீபாவளிக்குத் தேவை உயரும். அந்தக் கோழிக்கான முட்டையை ஆவணியிலேயே இயந்திரத்தில் ஏற்றியாக வேண்டும். ஆடி விருந்துகள் நடந்துகொண்டிருக்கும்போதே முட்டை வைப்பதைக் குறைக்கவும், புரட்டாசி பிறப்பதற்கு முன்பே கூட்டவும் வேண்டும். கண்முன் உள்ள விலையைப் பார்த்து முடிவெடுப்பவர் எப்போதும் பிந்திவிடுவார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் மாலை அணியும் காலத்துக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு மக்கள் நடந்துசெல்லும் காலத்துக்கும் இதே கணக்குதான்.

தாய்க்கோழியின் எண்ணிக்கையை மாற்றுவது இதைவிட நீண்ட முடிவு. இன்று ஒரு நிறுவனம் கூடுதலாகத் தாய்க்கோழிக் குஞ்சுகளை இறக்கினால், அவை முட்டையிட 25 வாரம், முட்டை பொரிய 3 வாரம், குஞ்சு கோழியாக 6 வாரம் என ஏறத்தாழ எட்டு மாதம் கழித்தே இறைச்சி கூடும். நல்ல விலை கண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் தாய்க்கோழியைப் பெருக்கினால், எட்டு மாதம் கழித்து எல்லோருடைய கோழியும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். அப்போது விலை சரியும். உடனே முட்டைகளை அடைகாக்க வைக்காமல் உணவு முட்டையாக விற்பதும், தாய்க்கோழிகளை வயதுக்கு முன்பே கழிப்பதும் நடக்கும். சில மாதங்களில் தட்டுப்பாடு வரும்.

இந்த இடைவெளியின் கொடுமையை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கண்ட ஆண்டு 2020. கோழி இறைச்சியால் கரோனா பரவும் என்ற ஆதாரமற்ற வதந்தியால் பிப்ரவரி, மார்ச்சில் விற்பனை வீழ்ந்தது. பண்ணை விலை உற்பத்திச் செலவுக்கு வெகுகீழே போனது. கர்நாடகத்தில் உயிருள்ள கோழிகளைக் குழியில் தள்ளி மூடிய காட்சிகள் வெளிவந்தன. பொரிப்பகங்கள் முட்டை வைப்பதைக் குறைத்தன. மே மாதம் வதந்தி ஓய்ந்து மக்கள் மீண்டும் கடைக்கு வந்தபோது விற்கக் கோழி இல்லை. விலை மேலே பாய்ந்தது. மார்ச்சில் நட்டப்பட்டவர் பெரும்பாலும் மே மாத இலாபத்தைப் பார்க்கவில்லை, ஏனெனில் அவர் கொட்டகை காலியாக இருந்தது.

இந்த எண்ணிக்கையை முன்கூட்டியே பொதுவில் வைக்க முடியாதா? முடியும். அமெரிக்க வேளாண் துறை, கறிக்கோழிப் பொரிப்பகங்களில் எத்தனை முட்டைகள் வைக்கப்பட்டன, எத்தனை குஞ்சுகள் பண்ணைகளில் இறக்கப்பட்டன என்ற கணக்கை, தொழில் மிகுந்த 19 மாநிலங்களைச் சேர்த்து வாரந்தோறும் வெளியிடுகிறது. அதை எவரும் படிக்கலாம். வரும் மாதங்களில் கோழி பெருகுமா, குறையுமா என்று சிறு பண்ணையாளர், மக்காச்சோள வணிகர், உணவக உரிமையாளர் அனைவரும் ஒரே தகவலைக் கொண்டு கணிக்கலாம். இங்கே அந்த எண்ணைப் பெரிய நிறுவனங்கள் தமக்குள் மட்டும் அறிகின்றன. மற்றவர்கள் விலை விழுந்த பிறகு அறிகிறார்கள்.

கொட்டகை ஒருவருடையது, குஞ்சு இன்னொருவருடையது

திண்டுக்கல் சமவெளி மழை மறைவுப் பகுதி. சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் அப்பால், குடகனாற்றை ஒட்டிய நிலங்களில்கூடக் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. மக்காச்சோளமும் சோளமும் நிலக்கடலையும் மழையை நம்பியவை. 2018-இல் வந்த படைப்புழு மக்காச்சோளத்தையும் உறுதியற்ற பயிராக்கியது. இத்தகைய நிலத்தில், ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கையில் பணம் வரும் தொழிலாகக் கறிக்கோழி வந்தபோது விவசாயிகள் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

முதலில் வந்தது தனிப் பண்ணை முறை. விவசாயி குஞ்சை விலைக்கு வாங்குவார், தீவனம் வாங்குவார், வளர்த்து விற்பார். விலை சரிந்த ஒரு சுற்றில் முதல் முழுவதும் போய்விடும். 1990-களின் தொடக்கத்திலிருந்து உடுமலைப்பேட்டையின் சுகுணா நிறுவனம் பரப்பிய ஒப்பந்த முறை இதை மாற்றியது. குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வை ஆகியவை நிறுவனத்துடையவை. கொட்டகை, நீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையவை. வளர்ந்த கோழியின் எடைக்குக் கிலோ கணக்கில் கூலி. சந்தை விலை சரிந்தாலும் கூலி உண்டு என்பதால் பல குடும்பங்கள் இம்முறையால் பிழைத்தன. இதை மறுப்பது நேர்மையாகாது. பழனியைக் கடந்து மேற்கே சென்றால் உடுமலைப்பேட்டை என்பதால், திண்டுக்கல் சமவெளி இந்த முறைக்குள் இயல்பாகவே வந்துவிட்டது.

ஆனால், இம்முறை பொரிப்பகத்தின் இடத்தையும் மாற்றியது. முன்பு பொரிப்பகம் குஞ்சு விற்பவர், விவசாயி வாங்குபவர். குஞ்சு சரியில்லை என்றால் அடுத்த முறை வேறிடத்தில் வாங்குவார். இப்போது தாய்க்கோழி, பொரிப்பகம், தீவன ஆலை, விற்பனை எல்லாம் ஒரே நிறுவனத்தின் பிரிவுகள். குஞ்சு விற்கப்படுவதில்லை, இறக்கப்படுகிறது. இறக்கப்படும் குஞ்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வளர்ப்பவருக்கு இல்லை. சிறு பொரிப்பகங்கள் பெரியவற்றோடு போட்டியிட முடியாமல் குறைந்துவருவதால், ஒப்பந்தத்துக்கு வெளியே நல்ல குஞ்சு வாங்கும் வழியும் குறுகிவருகிறது.

முதல் வாரம் காட்டும் உண்மை

எல்லாக் குஞ்சும் ஒன்றல்ல. குஞ்சின் எடை முட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முட்டையிடத் தொடங்கிய இளம் தாய்க்கோழியின் முட்டை 50 கிராமையொட்டி இருக்கும். அதன் குஞ்சு 35 கிராமுக்கும் குறைவு. வயதான தாய்க்கோழியின் முட்டை 70 கிராமை நெருங்கும். குஞ்சு 45 கிராமைத் தாண்டும். சிறிய குஞ்சு மோசமான குஞ்சு அல்ல. ஆனால், அதற்குக் கூடுதல் வெப்பம், கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு வகையையும் ஒரே கொட்டகையில் கலந்து இறக்கினால் சிறியவை தீவனத் தட்டுக்கும் நீருக்கும் போட்டியிட முடியாமல் பின்தங்கும்.

முட்டையைச் சேமித்த நாளும் முக்கியம். ஒரு வாரத்துக்கு மேல் வைத்த முட்டையில் பொரிக்கும் விகிதமும் குஞ்சின் வலுவும் குறைகின்றன. தேவை குறைந்த காலத்தில் முட்டைகள் தேங்குவதும், தேவை கூடும்போது தேங்கிய முட்டைகள் இயந்திரத்துக்குப் போவதும் இயல்பு. ஒரு இயந்திரத்தில் முதல் குஞ்சு பொரிப்பதற்கும் கடைசிக் குஞ்சு பொரிப்பதற்கும் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இருக்கலாம். முதலில் பொரித்தது, எண்ணி, தடுப்பூசி போட்டு, வண்டியேற்றி, பண்ணைக்கு வந்து சேரும்வரை நீரின்றி இருக்கும். வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சள் கரு இரண்டு, மூன்று நாள் அதைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால், சித்திரை வெயிலில் வண்டி தாமதமானால் உடல்நீர் வற்றிவிடும். பொரிப்பகத்தின் தூய்மை குறைந்தால் தொப்புள் மூடாத குஞ்சுகளில் கிருமி புகுந்து மஞ்சள் கரு அழுகும். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் தாயிடமிருந்தே முட்டை வழியாக வருகின்றன. இவை எதற்கும் வளர்ப்பவர் காரணமல்லர்.

இவையெல்லாம் கூலியில் எப்படி முடிகின்றன? பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனம் ஒரு கிலோ கோழிக்கு ஒரு நிலையான உற்பத்திச் செலவை வரையறுத்துக்கொள்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றின் உண்மைச் செலவு அதைத் தாண்டினால் கூலி குறைகிறது. குஞ்சு இறந்தால் அதன் விலை உயிரோடிருக்கும் கோழிகளின் கணக்கில் ஏறுகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஐயாயிரம் குஞ்சுகளில் முதல் வாரத்தில் 50-உம் பிறகு 100-உம் இறந்தால் 4,850 கோழிகள். இரண்டு கிலோ வீதம் 9,700 கிலோ. கிலோவுக்கு 7 ரூபாய் என்று கொண்டால் கூலி 67,900 ரூபாய். அதே கொட்டகையில் முதல் வாரத்தில் 200 குஞ்சுகள் இறந்து, மற்றவை மாறாமலிருந்தால் 4,700 கோழிகள்; 9,400 கிலோ. செலவு கூடியதால் கூலி 50 காசு குறைந்தால் கிடைப்பது 61,100 ரூபாய். வேறுபாடு 6,800 ரூபாய், அதாவது பத்தில் ஒரு பங்கு. மின்கட்டணம், தென்னை நார்த்தூள், ஆள்கூலி, கொட்டகைக் கடனுக்கான தவணை எதுவும் பத்தில் ஒரு பங்கு குறைவதில்லை. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கோரிக் 'குஞ்சு இறக்க மாட்டோம்' என்று பண்ணையாளர்கள் அவ்வப்போது போராடும்போது, கூலி விகிதம் மட்டும் செய்தியாகிறது. விகிதம் உயர்ந்தாலும் இந்தக் கழிவு அப்படியே இருக்கும் என்பது பேசப்படுவதில்லை.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. முதல் வார இறப்புக்குக் குஞ்சு மட்டும் காரணமல்ல. குஞ்சு வருவதற்கு முன்பே கொட்டகையைச் சூடாக்காதது, இரவில் வெப்பம் குறைய விட்டது, நீர்க்குழாயைக் கழுவாதது ஆகியவையும் காரணமாகலாம். இவற்றை நான் பண்ணைகளில் நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் பதிவு வேண்டும் என்கிறேன். பதிவு இல்லாத இடத்தில் வாதம் இருக்கும், முடிவு இருக்காது. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் 'உங்கள் பராமரிப்புச் சரியில்லை' என்பார். பண்ணையாளர் 'உங்கள் குஞ்சு சரியில்லை' என்பார். கணக்கு எழுதுபவர் நிறுவனத்தவர் என்பதால் கூலி குறைவது மட்டும் உறுதி.

இதில் நுகர்வோருக்கும் பங்கு உண்டு. வலுவற்ற குஞ்சைக் காப்பாற்ற முதல் வாரத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நீரில் கலக்கப்படுகிறது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமாக உள்ள கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. தடை மருந்துக் கடையைக் கட்டுப்படுத்தலாம். மருந்தின் தேவையைக் குறைப்பது நல்ல குஞ்சுதான்.

என்ன செய்யலாம்?

அமெரிக்காவிலும் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் வளர்கிறது. அங்கும் இதே முறையீடு பல்லாண்டு நீடித்தது. அந்நாட்டு வேளாண் துறை 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, கோழி நிறுவனங்கள் குஞ்சு இறக்கிய 24 மணி நேரத்துக்குள் வளர்ப்பவருக்குச் சில தகவல்களைத் தர வேண்டும் என்றது. குஞ்சின் இனம், எந்தத் தாய்க்கோழிப் பண்ணையைச் சேர்ந்தது, தாய்க்கோழியின் வயது, தாய்க்கோழிக்கோ குஞ்சுக்கோ அறியப்பட்ட நோய்க் குறைபாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். வளர்ப்பவர் அறிந்திருந்தால்தான் அதற்கேற்ப வளர்க்க முடியும், கூலியில் வேறுபாடு வந்தால் காரணம் கேட்க முடியும் என்பது இதன் அடிப்படை.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்ட அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென 2019-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தின் பெயரிலேயே வேளாண் விளைபொருளுடன் கால்நடையும் இருக்கிறது. அதன்கீழ் கறிக்கோழி ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் வகுத்து, மூன்று ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கலாம்.

முதலாவது, குஞ்சோடு ஒரு பிறப்புச் சீட்டு. இனம், தாய்க்கோழியின் வயது, முட்டையைச் சேமித்த நாள்கள், பொரித்த நாளும் நேரமும், அந்தத் தொகுதியின் பொரிப்பு விழுக்காடு, போட்ட தடுப்பூசிகள், பொரிப்பகத்தில் எடுத்த சராசரி எடை ஆகியவை அதில் இருக்க வேண்டும். பொரிப்பகங்கள் தங்கள் தேவைக்காக இவற்றை ஏற்கெனவே குறித்து வைக்கின்றன. புதிதாகச் செய்ய வேண்டியது, அந்தக் குறிப்பின் ஒரு படியை வண்டியில் ஏற்றுவது மட்டுமே.

இரண்டாவது, முதல் வாரக் கணக்கைத் தனியாக வைப்பது. ஏழாம் நாள்வரையிலான இறப்பு ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டினால், இறந்த குஞ்சுகளைத் திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையம் போன்ற பொது நிறுவனம் பரிசோதிக்கட்டும். காரணம் பொரிப்பகத்தில் இருந்தால் அந்த இழப்பு வளர்ப்பவரின் செலவுக் கணக்கில் ஏறக்கூடாது. காரணம் பராமரிப்பில் இருந்தால் பண்ணையாளர் ஏற்கட்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. மாநிலத்தின் பொரிப்பகங்களில் வாரந்தோறும் வைக்கப்படும் முட்டைகளையும் இறக்கப்படும் குஞ்சுகளையும் நிறுவனங்களின் பெயரின்றி மொத்தமாகக் கால்நடைப் பராமரிப்புத் துறை வெளியிடலாம். வணிக மறைவுக்கும் ஊறு இல்லை; தனிப் பண்ணையாளரும் இருட்டில் குஞ்சு வாங்க வேண்டியதில்லை.

இவற்றால் கோழி விலை ஏறும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சீட்டு எழுதும் செலவு ஒரு குஞ்சின் விலைக்கு முன் தூசு. தரமற்ற குஞ்சால் வீணாகும் தீவனமே பெரிய செலவு. கறிக்கோழியின் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம்தான்; எரிசாராய ஆலைகளும் மக்காச்சோளத்தை நாடத் தொடங்கிய பின் அதன் விலையில் நிம்மதி இல்லை. நல்ல நிறுவனங்களுக்கு இந்தச் சீட்டு ஒரு நற்சான்று. பொரிப்பக மேலாண்மையில் முதலிட்டவர்களுக்கும் முதலிடாதவர்களுக்கும் உள்ள வேறுபாடு வெளியே தெரிய இன்று வழியில்லை. சீட்டு அந்த வழியைத் திறக்கும்.

விதை வாங்கும் விவசாயிக்கு முளைப்புத்திறனும் சோதித்த நாளும் அச்சிட்ட அட்டையைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விதைக்குக் கொடுத்த அந்த உரிமையை, கடன் வாங்கிக் கொட்டகை கட்டி, நள்ளிரவில் வண்டி வரும்வரை விழித்திருந்து குஞ்சு இறக்கும் விவசாயிக்கும் கொடுப்பதில் தயக்கம் ஏன்?